பழம்பொருளைக் காப்பது யார் வேலை?

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



பழம்பொருள்களையும் பழைய சின்னங்களையும் காப்பாற்றுவது எப்படி என்பதுபற்றிப் பேசும்படி இன்று நமக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். இவ்விழாவின் நோட்டீசைப் பார்த்த ஒரு தோழர் வழியிலேயே நம்மை நிறுத்தி, "பழைமையை ஒழிக்க வேண்டுமென்று ஊர் ஊராய்ப் பேசித் திரிகிற உங்களுக்குப் பழங்கல்லின்மேல் திடீரென்று என்ன பக்தி வந்துவிட்டது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆகையால் அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே செல்லுகின்றோம்.

தோழர்களே! பழைய வழக்கம் வேறு, பழைய பொருள் வேறு. பழைய வழக்கம் இன்றும் உயிரோடிருந்து நம் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. பழைய பொருளோ, செத்துப்போனவன் விட்டுப்போன சாட்சி. ஒரு கெட்ட வழக்கத்தை ஒழிக்க வேண்டுமானால், அது எப்போது வந்தது, யாரால் வந்தது, யாருக்கு இலாபமாயிருந்தது என்று காட்ட வேண்டாமா? காட்டுவதற்கு ருஜு வேண்டாமா? வழக்கை நடத்துகிறவனே தன் சாட்சியைக் கொன்றுவிட்டால் அவனைப்போல் மூடன் யார்? நாம் பழங்கல்லைக் கும்பிடச் சொல்லவில்லை. அதைப் படிக்கச் சொல்லுகின்றோம். படிப்பதற்கு அது இருக்க வேண்டும் என்பதே நம்முடைய கவலை.

இதைப்பற்றிப் பேச நமக்கு ஒரு யோக்கியதை உண்டு. ஆனால் அது பெருமைப்படத் தக்க யோக்கியதையல்ல. நாம் கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. பன்னிரண்டு வயதில் எங்கள் ஊர்ப் பின்புறத்துச் செம்மண் மேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தோம். கிராவல் வெட்டிய இடத்தில் ஒரு பெரிய பானையின் வாய் தெரிந்தது. "அந்தக் காலத்துக் கிழங்கள் எத்தனை வயதானாலும் சாகாதாம்; உயிரோடு தாழியில் உட்காரவைத்து, விளக்கேற்றி, பக்கத்தில் தங்கத்தையும் வைத்து மூடிவிடுவார்களாம்" என்று பாட்டி சொன்ன கதை எங்கள் மண்டையில் இருந்தது. நாலு பையன்கள் சேர்ந்து கடப்பாரையால் தாழியை உடைத்தோம். உள்ளேயிருந்தவை கொஞ்சம் எலும்பு, துருவேறிய இரும்புத் துண்டு ஒன்று, உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் சிவப்புமான சில கிண்ணங்கள். தங்கம் இல்லையென்ற கோபத்தில் அக்கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்து நொறுக்கினோம். பத்து வருஷம் கழித்து, ஒரு நூல்நிலையத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது அதே கிண்ணத்தின் படத்தைக் கண்டோம். கீழே ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்டதென்று எழுதியிருந்தது. அன்று நமக்கு உண்டான வெட்கம் இன்னும் போகவில்லை. அந்த மேட்டைப்போய்ப் பார்த்தோம்; மேடே இல்லை. லாரி லாரியாகச் சாலைக்குப் போய்விட்டது.

அந்தத் தாழியை உடைத்தது யார்? எங்கள் கடப்பாரை என்று சொல்லலாம். ஆனால் கடப்பாரைக்குப் பின்னால் பாட்டியின் கதை இருந்தது. பள்ளிக்கூடத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லித்தராத படிப்பு இருந்தது. அம்மேட்டை வெறும் புறம்போக்கு என்று எழுதிவைத்திருந்த சர்க்கார் தஸ்தாவேஜும் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்துதான் அதை உடைத்தன.

மூடநம்பிக்கை பொருளை எப்படி அழிக்கிறதென்று பாருங்கள். நம் நாட்டில் பழைய ஈமக்குழிகளைப் பாண்டவர் குழி என்கிறார்கள். சில இடங்களில் குரங்குப் பட்டடை என்கிறார்கள். பாண்டவர்கள் எத்தனை பேர்? ஐந்து பேர். ஐந்து பேருக்கு ஜில்லாதோறும் ஆயிரக்கணக்கான குழிகள் எதற்கு? யாராவது கேட்டதுண்டா? புராணப் பெயரை ஒட்டியவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. பிறகு அக்கல்லைப் பெயர்த்து மாட்டுக் கொட்டகைக்குப் போட்டாலும் கேட்பாரில்லை. உண்மையில் அவை இரும்பை உருக்கவும், சக்கரத்தில் பானை வனையவும் தெரிந்த உழைப்பாளி மக்கள் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்த இடங்கள். உழைத்தவன் பெயரை அழித்துவிட்டு இதிகாசத்து அரசன் பெயரை எழுதிவைத்திருக்கிறோம்!

படிக்காதவர்கள்தான் அழித்தார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் லாகூருக்கும் முல்தானுக்கும் ரயில் பாதை போட்ட எஞ்சினீயர்கள், அரப்பா மேட்டிலிருந்து செங்கல்லை அள்ளிக்கொண்டு போய்ச் சுமார் நூறு மைலுக்குத் தண்டவாளத்தின் கீழ்ச் சல்லியாகப் பரப்பினார்கள். அந்தச் செங்கல் ஒரு பெரிய நாகரிகத்தினுடையதென்று 1924-இல்தான் ஜான் மார்ஷல் உலகத்துக்கு அறிவித்தார். அதற்குள் எத்தனையோ சுவர்கள் ரயிலுக்கடியில் போய்விட்டன. படிப்பிருந்தும் பொருளின் மதிப்புத் தெரியாததன் பலன் இது.

நிற்க. கோயில் கல்வெட்டுகளைப்பற்றி நம் தோழர்கள் சிலருக்கு ஓர் அலட்சியம் உண்டு. "அது அவர்கள் சமாசாரம்" என்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்லுகின்றன. அதைக் காட்டி, "ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம்" என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அதே கல்லை முழுவதும் படியுங்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்குமேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும் என்றிருக்கிறது. அது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட ஊர். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில், பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட சுமார் 400 பெண்களின் பெயரும், தெருவும், வீட்டு வரிசையும், ஆளுக்கு ஒரு பங்காக 100 கலம் நெல்லும் எழுதியிருக்கிறது. பெருமைக்கும் அதுவே சாட்சி, சிறுமைக்கும் அதுவே சாட்சி. இந்தச் சாட்சி இல்லாமற் போனால் யாருக்கு இலாபம்? ஆகவே, கும்பாபிஷேகம் என்று சொல்லி எழுத்தின்மேல் சுண்ணாம்பை அப்புவதையும், பளிங்குக்கல் ஒட்டுவதையும், மணலைப் பீய்ச்சி எழுத்தைத் தேய்ப்பதையும், பக்தன் சும்மா இருந்தாலும் பகுத்தறிவுக்காரன் தடுக்க வேண்டும்.

இனிச் சட்டத்தைப்பற்றிப் பார்ப்போம். சட்டம் இல்லாமலில்லை. 1878-இல் புதையல் சட்டம் வந்தது. 1904-இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1958-இல் மத்திய சர்க்காரும், 1966-இல் நம் மாகாண சர்க்காரும் தனித்தனியே சட்டம் செய்தன. பாதுகாக்கப்பட்ட மத்தியச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாதென்றும், அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டுமென்றும் 2010-இல் திருத்தம் வந்தது. சேதம் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இவ்வளவும் இருந்து நடந்ததென்ன? 2013-இல் மத்திய தணிக்கை அதிகாரிகள் 1,655 சின்னங்களை நேரிற்சென்று பார்த்ததில் 92 சின்னங்களைக் காணவில்லை! ஆடு மாடல்ல, கல்லும் கட்டடமும் காணாமற் போயின. பிறகு தேடியதில் 42 கிடைத்தன; மற்றவை நகரத்துக்குள்ளும் அணை நீருக்குள்ளும் மறைந்தன; 24 எங்கேயென்றே தெரியவில்லை என்று பார்லிமெண்டுக் கமிட்டிக்குச் சொல்லப்பட்டது. காகிதத்தில் பாதுகாப்பு என்றால் இதுதான்.

அந்தப் புதையல் சட்டத்தில் ஒரு விஷயம் உண்டு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சர்க்கார் அப்பொருளை எடுத்துக்கொண்டால், பங்குக்கு உரியவர்களுக்குப் பொருளின் விலையையும், அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போய்த் தண்டனையும் வரும். இங்கே கூடியிருக்கிற உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கிணறு வெட்டுகிற கூலிக்காரருக்குத் தண்டனை மட்டும் தெரிகிறது, உரிமை தெரிவதில்லை. போலீஸ் வரும், நிலம் போகும் என்று பயந்து, கிடைத்ததை இருட்டில் உருக்கிவிடுகிறார். சட்டம் செய்தவர்கள் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. குற்றம் யாருடையது?

சர்க்கார் தோண்டுகிற இடத்திலாவது ஒழுங்கு உண்டா? ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரையிலுள்ள அந்தப் பறம்பில் 1876-இல் ஜெர்மன்காரர் யாகோர் தோண்டியவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டிப் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலமும் இரும்பும் எடுத்தார். 1915-இல் அவற்றின் பட்டியல் அச்சில் வந்தது. நம் காலத்தில் 2004, 2005-இல் மறுபடி தோண்டி நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டார்கள். அந்த அறிக்கைக்கோ பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பிறகே, 2019-இல், கி.மு. 905, கி.மு. 696 என்ற காலக் கணிப்புகள் ஜனங்கள் காதில் விழுந்தன. தோண்டிவிட்டு அறிக்கை எழுதாமலிருப்பது புத்தகத்தைக் கிழித்துப் பெட்டியில் போட்டுப் பூட்டுவதற்குச் சமம். 2023-இல் அங்கே குழிகளின்மேல் கண்ணாடி பதித்து, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருப்பது நல்ல காரியம். அதை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

கீழடியின் முதலிரண்டு கட்ட அறிக்கை 2023 ஜனவரியில் கொடுக்கப்பட்டு, 2025 மே மாதத்தில் திருத்தம் கேட்டுத் திருப்பப்பட்டது. காலத்தில் சந்தேகமிருந்தால் அறிக்கையை அச்சிட்டு, சந்தேகத்தையும் பக்கத்திலேயே அச்சிடட்டும், அறிஞர்கள் வாதாடட்டும். அதே சமயம் நம்மவர்களுக்கும் ஒன்று சொல்லுகின்றோம். கீழடி மேட்டில் தோண்டியது ஒரு சிறு பாகமே. கிடைத்ததைக் கிடைத்தது என்று சொல்லுவோம்; கிடைக்காததைக் கொண்டு மார் தட்ட வேண்டாம். புராணிகன் ஆதாரமில்லாமல் பேசினால் குற்றம், நாம் பேசினால் குற்றமில்லையா?

சரி, காப்பாற்றியே காட்டியவர்கள் உண்டா? உண்டு. மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி மலையில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட தமிழி எழுத்தும், சமண உருவமும், பாண்டியர் காலத்துக் குடைவரையும் இருக்கின்றன. 2022-இல் அது பல்லுயிர்ப் பாரம்பரிய இடமென்று விளம்பரப்படுத்தப்பட்டது. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் அப்பகுதியில் டங்ஸ்டன் வெட்டும் உரிமை ஏலம் போயிற்று. சட்டமும் பலகையும் அதைத் தடுக்கவில்லை. விவசாயிகளும் பெண்களும் கிராமம் கிராமமாகக் கூடினார்கள். 2024 டிசம்பரில் சட்டசபை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானவர் மதுரைக்கு நடந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தாயிற்று. அவர்கள் எல்லோரும் கல்வெட்டுப் படித்த பண்டிதர்களா? இல்லை. ஆனால் அந்த மலையில் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊர் மேட்டுக்கும் அரிட்டாபட்டி மலைக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்: அங்கே ஜனங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

ஆகையால் நாம் கேட்பவை சில. ஒவ்வொரு கிராமத்திலும் உள்ள பழைய இடங்களை சர்வே நம்பரோடு கிராமக் கணக்கில் எழுதி, பஞ்சாயத்து ஆபீசில் தமிழில் ஒட்ட வேண்டும். கிராவலுக்கும் குவாரிக்கும் அனுமதி கொடுக்குமுன் அந்தப் பட்டியலைப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். தோண்டினால் இத்தனை வருஷத்துக்குள் அறிக்கை வர வேண்டுமென்று கெடு வைக்க வேண்டும். பொருளைக் கண்டெடுத்துச் சொல்லுகிறவருக்குச் சேர வேண்டிய பணத்தை அலையவைக்காமல் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிப் பிள்ளைகளை வருஷத்தில் ஒரு நாளாவது தங்கள் ஊர்க் கல்லின் முன் நிறுத்தி, இது என்ன, எப்படித் தெரியும் என்று ஆசிரியர் சொல்லித்தர வேண்டும். இது புதிய கோரிக்கையுமல்ல. பண்பாட்டுச் சொத்தைக் காப்பது குடிமகன் கடமை என்றும், விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது கடமை என்றும் அரசியல் சட்டத்தின் ஒரே பிரிவில், 51-அ-வில், 1976-லேயே சேர்த்து எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஓரிடத்தில் இருப்பது சரியே. ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது.

தோழர்களே! சர்க்கார் செய்யும் வரையில் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாசகசாலை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். ஊரிலுள்ள நடுகல், ஈமக்குழி, கல்வெட்டு, பழைய மேடு ஒவ்வொன்றையும் இளைஞர்கள் போய்ப் பார்த்து எழுதட்டும், படமெடுத்து ஒட்டட்டும், ஒரு பிரதியை தாசில்தாருக்கும் ஒரு பிரதியைத் தொல்லியல் இலாகாவுக்கும் அனுப்பட்டும். நாளைக்கு பொக்லைன் வந்து நிற்கும்போது, இங்கே ஒன்றுமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாம் உடைத்த தாழியை நம்மால் ஒட்ட முடியாது. உங்கள் ஊர்த் தாழி இன்னும் மண்ணுக்குள் முழுதாய் இருக்கக்கூடும். மாடு மேய்க்கிற பன்னிரண்டு வயதுப் பையன் அதை முதலில் பார்க்கப்போகிறான். அவன் கையில் கடப்பாரை இருக்குமா, உங்கள் நோட்டுப் புத்தகம் இருக்குமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.