பகா எண்ணும் பாதிரியார் வாக்கும்



இரண்டும் இரண்டும் நான்கு என்பதை யார் மறுத்தார்கள், கணக்கில் பகுத்தறிவுக்கு என்ன வேலை என்று நம்மைச் சிலர் கேட்கக்கூடும். கணக்கிலும் ஒரு பெரிய மனிதர் வாக்கைத் தப்பென்று காட்ட 232 வருஷம் சென்ற சங்கதி ஒன்று உண்டு. அதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பேர். 7 பகா எண், 9 அல்ல. ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32. ஒன்று போக 31. அது பகா எண். பதினோரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. பார்வைக்கு இதுவும் பகா எண் போலத்தான் இருக்கிறது. ஆனால் 23-ஐ 89-ஆல் பெருக்கினால் அதுவே வந்து நிற்கிறது!

பிரான்சு தேசத்து மெர்சென் என்ற கிறிஸ்தவத் துறவி 1644-இல் ஒரு ஜாபிதா வெளியிட்டார். 257 வரையில் எத்தனை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்பதாகப் பதினொன்றைக் குறித்தார். அதில் 67 ஒன்று. ருஜு? ஒன்றும் கொடுக்கவில்லை. கடவுள் கனவில் வந்து சொன்னதாகவும் சொல்லவில்லை. அந்த மட்டில் அவர் யோக்கியர்தான். ஆனால் 67 இரண்டுகளின் பெருக்கம் 21 இலக்கம் கொண்டது. யார் உட்கார்ந்து வகுத்துப் பார்ப்பது?

1876-இல் லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர், வகுத்துப் பாராமலே சோதிக்கும் முறை ஒன்றைக் கண்டு, அது பகா எண் அல்ல என்றார். எதனால் வகுபடும் என்பது அவருக்கும் தெரியவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணித சங்கக் கூட்டத்தில் கோல் என்ற பேராசிரியர் அதை வெளியிட்டார். கரும்பலகையில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார், 147573952589676412927 வந்தது. 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தாலும் அதுவேதான். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் போய் உட்கார்ந்தார் என்று சொல்லுவார்கள். நம்மைப் போல் மணிக்கணக்கில் கத்த வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அந்த ஜாபிதாவில் 257-உம் தப்பு. 61, 89, 107 மூன்றும் விட்டுப் போயின. இதில் 61-ஐ 1883-இல் ருஜுப்படுத்தியவர் பெர்வுஷின் என்ற ருஷியப் பாதிரியார். பாதிரியாராயிருந்தால் என்ன? கணக்குப் போட்டுக் காட்டினார், ஒப்புக்கொண்டார்கள்.

2024-இல் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்த பகா எண்ணைக் கண்டார். அதற்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். வேறு இயந்திரங்களில், வேறு புரோகிராம்களில், அந்த லூகாஸ் முறையிலேயே மறுபடியும் சோதித்த பிறகே அதை வெளியிட்டார்கள்.

அந்த முறை லேமர் என்ற அமெரிக்கர் கையில் வெகு சுலபமாகிவிட்டது. 4-இல் ஆரம்பியுங்கள். அதை அதனாலேயே பெருக்கி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை வைத்துக்கொண்டு திரும்பவும் அப்படியே செய்யுங்கள். பெருக்கிய இரண்டுகள் ஐந்தானால் மூன்று தடவை, ஏழானால் ஐந்து தடவை. எப்போதும் இரண்டு குறைவு. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் அல்ல. 31-க்கு 4, 14, 8, 0. 127-க்கு 4, 14, 67, 42, 111, 0. பள்ளிக்கூடத்துப் பையனும் பெண்ணும் சிலேட்டில் போடக்கூடியதுதான். 2047-க்கு வீட்டில் போட்டுப் பாருங்கள். ஒன்பதாவது தடவையில் 1736 மீதி நிற்கும்.