தொடாமல் அளத்தல்



பானையில் அரிசி வெந்ததா என்று அறிய ஒரு சோற்றை எடுத்துப் பதம் பார்க்கிறோம். கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள உலையில் பதம் பார்ப்பது எவ்வாறு? அதனைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

கதிரவனுள் இலேசான அணுக்கருக்கள் ஒன்றுகூடி ஆற்றலை வெளியிடுகின்றன. அவ்வினையைப் புவியில் நிகழ்த்த முயலும் அறிஞர்கள் வாயுவைப் பெருவெப்பத்துக்குச் சூடேற்றுகின்றனர். அப்போது எலெக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியே பிரிந்து திரிகின்றன. இந்நிலையே பிளாஸ்மா. இதனை எந்தப் பாத்திரமும் தாங்காது. ஆகவே, வடையைப்போல் நடுவே துளையுள்ள டோக்கமாக் என்னும் கலத்தில், சுவரைத் தொடாதவாறு காந்தப்புலத்தால் கட்டிவைக்கின்றனர்.

காந்தப்புலத்தில் அயனிகள் வட்டமிட்டுச் சுழல்கின்றன. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளுவதுபோல, அச்சுழற்சிக்கு இசைந்த ரேடியோ அலையைச் செலுத்தினால் பிளாஸ்மா மேலும் சூடேறும். ஆண்டெனா எவ்வளவு அனுப்பியது என்பது தெரியும். உள்ளே சென்ற அலை என்னவாயிற்று? அதனை அறியக் கம்பியை நுழைத்தால் கம்பி உருகும். பிளாஸ்மாவும் மாசடைந்து குளிரும்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2016 வரை இயங்கிய ஆல்காட்டர் சி-மாட் என்னும் டோக்கமாக்கில், இதற்கு ஒளியையே கருவியாகக் கொண்டனர். ரேடியோ அலை செல்லுமிடத்தில் எலெக்ட்ரான்கள் நெருங்கியும் விலகியும் நிற்கும். அதனூடே செல்லும் அகச்சிவப்பு லேசர்க் கதிரின் கட்டம் இம்மியளவு முந்தும் அல்லது பிந்தும். இம்மாறுதல் நேரே புலப்படாது. கட்ட மாறுதலைப் பிரகாச வேறுபாடாக மாற்றும் வழியை வகுத்தவர் டச்சு அறிஞர் பிரிட்ஸ் ஜெர்னிகே. நிறமற்ற உயிரணுக்களை நுண்ணோக்கியில் தெளிவாகக் காண உதவிய அவ்வழிக்காக, 1953-இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். அதே வழி இங்கும் கைகொடுத்தது.

மற்றோர் இடரும் இருந்தது. அலையோ வினாடிக்கு ஏறத்தாழ 8 கோடி முறை அதிர்வது. அவ்விரைவைத் தொடர்ந்து பதிவு செய்தல் அரிது. தம்புராவின் இரு தந்திகள் சிறிதே சுருதி விலகினால், மெதுவான விம்மல் கேட்கும் அன்றோ? அவ்வாறே லேசரின் ஒளியைச் சற்று வேறான அதிர்வெண்ணில் ஏற்றி இறக்கி, இரண்டின் வேறுபாடாகிய சில இலட்சம் அதிர்வுகளை மட்டும் அளந்தனர். நும் இல்லத்து வானொலிப் பெட்டியும் பெரும்பாலும் இம்முறையிலேயே நிலையத்தின் அலையைக் கைக்கொள்கிறது.

இதனால் விளைந்த பயன் என்ன? அனுப்பிய நெடிய அலை, பிளாஸ்மாவின் உள்ளே குறுகிய அலையாக உருமாறும் என்பது முன்பே தெரிந்ததுதான். ஆயினும், எதிர்பார்த்த பக்கத்தில் அன்றி, காந்தப்புலம் குறைந்த மறுபக்கத்தில் வேறோர் அலை தென்பட்டது. அதுவே அயனிச் சுழற்சி அலை. அது தோன்றக்கூடும் என்று பெர்க்கின்ஸ் என்னும் அறிஞர் 1977-இலேயே கணக்கிட்டுக் கூறியிருந்தார். டோக்கமாக்கில் அதனை முதன்முறையாகக் கண்ட செய்தி 2003-இல் வெளிவந்தது.

பல்லாண்டு ஆசிரியப் பணி புரிந்தவன் நான். கற்பித்தது இன்னதென ஆசிரியர் அறிவார். மாணவன் உள்ளத்தில் அது என்ன உருக்கொண்டது என்பதை அளந்தாலன்றி அறியார். அனுப்பியதை அறிவது வேறு, சென்று சேர்ந்ததை அறிவது வேறு. ஆதலின், இளைஞர்களே, பௌதிக நூலில் விம்மலைப் பற்றிய அச்சிறு பகுதியைத் தேர்வுக்கு வேண்டாதது என்று தள்ளிவிடாதீர்கள்.