எது முந்தி என்று கேட்கக்கூடாத இடங்கள்



கணிதக் கருத்தரங்கை ஒரு சூத்திரத்தோடு தொடங்குவது வழக்கம். இது கார் ஆலைகள் இருக்கும் ஒரகடத்தில் நடப்பதால், நான் ஒரு கார் கதவோடு தொடங்குகிறேன்.

பல கார் ஆலைகளில், பெயின்ட் ஷாப்பை விட்டு வெளியே வரும் பாடியிலிருந்து முதல் வேலையாகக் கதவுகளைக் கழற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு கதவு போகும் வழி வேறு, பாடி போகும் வழி வேறு. கதவு லைனில் கண்ணாடி, பூட்டு, ஸ்பீக்கர், வயரிங் எல்லாம் ஏறும். கதவில்லாத திறப்பு வழியாகப் பாடிக்குள் டேஷ்போர்டும் சீட்டும் நுழையும். கடைசியில் ஒரு ஸ்டேஷனில் இரண்டும் சந்திக்கும். எந்தப் பாடியிலிருந்து கழன்றதோ, அந்தப் பாடிக்கே அந்தக் கதவு திரும்பியாக வேண்டும். சரி, கதவில் பூட்டு ஏறியது முந்தியா, பாடியில் சீட் ஏறியது முந்தியா? இந்தக் கேள்வியே தவறு என்பதுதான் ஒரே நேரத்தில் பல காரியங்கள் நடக்கும் முறைகளை ஆராயும் நம் துறையின் முதல் பாடம். இரண்டுக்கும் நடுவே காரணம் எதுவும் ஓடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு விடை சொல்லலாம். நாளைக்கு அந்த விடை மாறும், ஆனால் கார் மாறாது.

இதற்கு நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூலார் சொல்லும் பொருள்களில் ஒன்று உடனிகழ்வு. ‘தந்தையோடு மகன் வந்தான்’ என்றால் இருவரும் வந்தார்கள், அவ்வளவுதான். வாசற்படியில் யார் கால் முதலில் பட்டது என்பதை அந்த ‘ஓடு’ சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. ‘குளித்துச் சாப்பிட்டான்’ என்பது வேறு. அங்கே வினையெச்சம் வரிசையைக் கட்டிவிடுகிறது. புரோகிராம் எழுதக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு வினையெச்சத்தை மட்டும் கற்றுத் தருகிறோம். இதைச் செய்து, அதைச் செய்து, பிறகு இன்னொன்றைச் செய்து என்றே மூன்று வருடம் பழகியவர்களை, ஒரே நேரத்தில் நாற்பது காரியம் நடக்கும் ஒரு லைனுக்கு அனுப்பிவைக்கிறோம். அதனால்தான் இந்தக் கருத்தரங்கு முழுவதும் கன்கரன்சிக்கு ‘உடனிகழ்வு’ என்ற சொல்லையே நாம் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புதிதாகக் கலைச்சொல் ஆக்கத் தேவையில்லை. சொல் பல நூறு ஆண்டுகளாக நம் வீட்டிலேயே இருக்கிறது.

இந்த ‘ஓடு’வைக் கணிதமாக எழுதிக் காட்டியவர்களில் முதலில் நிற்பவர் கார்ல் ஆடம் பெட்ரி. 1962-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அவர் தந்த முனைவர் பட்ட ஆய்வேடு, தானியங்கிகளுடனான தகவல் தொடர்பைப் பற்றியது. அவரை உறுத்தியது ஒரு இயற்பியல் கேள்வி. கணிப்பொறியை வளர்த்துக்கொண்டே போனால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செய்தி போகும் நேரமும் வளரும். எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தின் தாளத்துக்கு ஆட்டிவைக்க நினைத்தால், பொறி பெரிதாகப் பெரிதாகத் தாளம் மெதுவாகிக்கொண்டே போகும். ஆகவே பொதுக் கடிகாரமே வேண்டாம், ஒவ்வொரு பகுதியும் தன் பக்கத்துப் பகுதியோடு மட்டும் பேசட்டும் என்றார்.

அவர் பெயரால் நாம் பெட்ரி வலை என்று அழைக்கும் படம் மிக எளியது. வட்டங்கள் உண்டு. அவை இடங்கள். கட்டைகள் உண்டு. அவை நிகழ்வுகள். வட்டத்துக்குள் டோக்கன்கள் இருக்கும். ஒரு நிகழ்வுக்குத் தேவையான எல்லா வட்டத்திலும் டோக்கன் இருந்தால் அது நடக்கலாம். நடந்தால் அங்கிருந்து டோக்கனை எடுத்து அடுத்த வட்டங்களில் வைக்கும். கான்பன் அட்டை பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வேதியியல் வினைகளைக் குறித்துக்கொள்ள இந்த மாதிரிப் படத்தைத் தம் 13-ஆம் வயதிலேயே வரைந்ததாகப் பெட்ரி சொல்லியிருக்கிறார்.

வரிசையாக்கிப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். ஒன்றையொன்று சாராத மூன்று லைன்கள், ஒவ்வொன்றிலும் 10 வேலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 வேலைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி எழுதினால் எத்தனை வரிசை வரும்? இரண்டு லைனுக்கே 1,84,756. மூன்று லைனுக்கு ஐந்தரை லட்சம் கோடிக்கு மேல். அதையே பெட்ரி வலையாக வரைந்தால் 33 வட்டம், 30 கட்டை. ஒரு தாளில் அடங்கும். இல்லாத வரிசையை இருப்பதாகச் சொல்லும் பொய்க்கு நாம் கட்டும் வட்டிதான் அந்த லட்சம் கோடிகள். மென்பொருளைச் சோதிக்கிறேன் என்று உட்காரும் பொறியாளர் அதில் எத்தனை வரிசையை ஓட்டிப் பார்ப்பார்? நூறு? ஆயிரம்?

என் வாழ்க்கையில் இது பாடமான ஒரு இரவைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன், இந்த வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில், பெயர் வேண்டாம், வெல்டிங் செல் ஒன்று சில நாளைக்கு ஒருமுறை நின்றுபோகும். இரண்டு ரோபோக்கள். இரண்டின் கையும் நுழையும் பொதுவான இடம் ஒன்று. வெல்டிங் முனை தேய்ந்தால் தீட்டிக்கொள்ள இரண்டுக்கும் பொதுவான கருவி ஒன்று. நின்றால் அலாரம் இல்லை, பழுது இல்லை. இரண்டும் கையை நீட்டியபடி அசையாமல் நிற்கும். ரீசெட் செய்தால் ஓடும். பகலில் எவ்வளவு ஓட்டிப் பார்த்தாலும் சொல்லிவைத்தாற்போல வேலை செய்யும்.

மூன்று இரவு நாங்கள் பதிவேடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு கன்ட்ரோலர், இரண்டு பதிவு, இரண்டிலும் மணி நிமிடம் நொடி. நேரத்தைப் பார்த்தால் வலது ரோபோதான் முதலில் கேட்டது. அதையே காரணம் என்று பிடித்துக்கொண்டு இரண்டு இரவு வீணாயிற்று. இரண்டு கடிகாரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே எழுதிவிட்டார். தனித்தனியே ஓடும் கணிப்பொறிகளில் ‘முன்னால் நடந்தது’ என்பதைக் கடிகாரம் தீர்மானிக்க முடியாது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து நடந்ததா, அல்லது ஒன்று அனுப்பிய செய்தி மற்றொன்றை அடைந்ததா, இந்த இரண்டு சங்கிலிகள் மட்டுமே அதைத் தீர்மானிக்கும். அந்தக் கட்டுரையை நான் வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறேன். ஆனாலும் அந்த மூன்று இரவில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

நான்காம் இரவில், ஷிப்ட் ரிஜிஸ்டரின் பின்பக்கத் தாளில் வலையை வரைந்தோம். அரைமணி நேரம் ஆகவில்லை. இடது ரோபோ பொது இடத்தைப் பிடித்துக்கொண்டு தீட்டும் கருவிக்குக் காத்திருக்கிறது. வலது ரோபோ தீட்டும் கருவியைப் பிடித்துக்கொண்டு, கையைப் பின்வாங்கப் பொது இடத்துக்குக் காத்திருக்கிறது. இரண்டின் முனையும் ஒரே சுற்றில் தேய்ந்தால் மட்டும், அதிலும் ஒன்று இம்மியளவு முந்தினால் மட்டும் நேரும் நிலை அது.

வலையின் கணிதம் இதற்கு ஒரு அருமையான கருத்தை வைத்திருக்கிறது. உறைமோரை நினைத்துக்கொள்ளுங்கள். தயிர் செய்யத் தயிர் வேண்டும். வீட்டில் கடைசிக் கரண்டித் தயிரும் தீர்ந்துவிட்டால் எத்தனை லிட்டர் பால் இருந்தும் பயனில்லை. பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். வலையிலும் சில வட்டங்களின் கூட்டம் இப்படி உண்டு. அந்தக் கூட்டத்துக்குள் டோக்கன் போடும் ஒவ்வொரு நிகழ்வும் அதே கூட்டத்திலிருந்து ஒரு டோக்கனை எடுத்தாக வேண்டும். ஒருமுறை காலியானால் அது என்றைக்கும் காலிதான். பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. எங்கள் படத்தில் அந்தக் கூட்டம் நாலே வட்டம். ‘பொது இடம் காலி’, ‘தீட்டும் கருவி காலி’, ‘இரண்டும் இடது ரோபோவிடம்’, ‘இரண்டும் வலது ரோபோவிடம்’. ஆளுக்கு ஒன்றைப் பிடித்த கணத்தில் நாலும் காலி. மருந்தும் படத்திலேயே இருந்தது. ஒரே ஒரு டோக்கன் கொண்ட புது வட்டம் ஒன்று. அதைக் கையில் வைத்திருக்கும் ரோபோ மட்டும்தான் இந்த இரண்டில் எதையும் தொடலாம். அதற்குப் பிறகு அந்த செல் அந்தக் காரணத்துக்காக நின்றதில்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் விஸ்வநாதம், நரஹரி இருவரும் ஜான்சனோடு சேர்ந்து, நெகிழ்வு உற்பத்தி முறைகளில் இப்படி ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும் டெட்லாக்கைத் தடுப்பதும் தவிர்ப்பதும் எப்படி என்று பெட்ரி வலைகளைக் கொண்டே 1990-இல் எழுதியிருக்கிறார்கள். 1992-இல் விஸ்வநாதமும் நரஹரியும் தானியங்கு உற்பத்தி முறைகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே கொண்டுவந்தார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியபோது அந்தப் புத்தகத்துக்கு ஆறு வயது. 2010-இல் ரெனோ நிசானும் 2012-இல் டெய்ம்லரும் இதே ஒரகடத்தில் ஆலை திறந்தபோது நம் கல்லூரி நூலகங்களில் அது எத்தனை கைகளுக்குப் போயிருக்கும்? ஆசிரியர்களாகிய நாங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி.க்கு நிரல் எழுதும் தம்பிகளே, பெட்ரியை உங்களுக்கு முன்பே தெரியும். பிரான்சில் 1977-இல் பெட்ரி வலையைத் தழுவி உருவானது கிராஃப்செட். அதுதான் பிறகு சர்வதேசத் தரமாகி, நீங்கள் எஸ்.எஃப்.சி. என்று திரையில் இழுத்துப் போடும் படமாக வந்திருக்கிறது. அதில் இரட்டைக் கோடு ஒன்று போட்டுக் கிளைகளைப் பிரித்து, மறுபடி இரட்டைக் கோடு போட்டுச் சேர்க்கிறீர்களே, அது பெட்ரியின் கட்டை. கதவும் பாடியும் பிரிந்து சேரும் இடம். கையில் இருப்பதன் பெயரைத் தெரிந்துகொண்டால், அதைப் பற்றி அறுபது ஆண்டுகளாக நிறுவப்பட்ட தேற்றங்கள் எல்லாம் உங்களுக்குச் சொந்தமாகும்.

தேற்றங்களைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். இங்கிருந்து கிழக்கே தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974-லேயே கோலத்தை வடிவ மொழியாக எழுதிக் காட்டினார்கள். ஜெர்மனியில் பெட்ரி இருந்த ஆய்வு நிறுவனத்திலேயே பணிசெய்த பி.எஸ். தியாகராஜன் பிறகு சென்னைக்குத் திரும்பினார். கணித அறிவியல் நிறுவனத்திலும், சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கி இன்று சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகமாக வளர்ந்திருக்கும் பள்ளியிலும் உடனிகழ்வுக் கோட்பாடு வேர்பிடித்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கமல் லோடையா, ஆர். ராமானுஜம், மாதவன் முகுந்த், நாராயண் குமார் என்று அந்த வரிசை நீள்கிறது. உலகத்தில் இந்தத் துறையில் ஆய்வு செய்கிறவர்களுக்குச் சென்னை தெரியும். சென்னையை அடுத்த தொழிற்சாலைகளுக்குத்தான் தெரியாது.

அந்தப் பணிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகுந்தும் மிலிந்த் சோஹோனியும் 1993-இல் எழுதியது. பலர் அவ்வப்போது இருவர் மூவராகச் சந்தித்து ஊர்ச்செய்தி பேசிக்கொள்கிறார்கள். நீங்களும் நானும் சந்திக்கிறோம். மூன்றாமவரைப் பற்றி உங்களிடம் ஒரு தகவல், என்னிடம் ஒரு தகவல். எது புதிது? ஒவ்வொரு தகவலுக்கும் ஏறுவரிசையில் எண் கொடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் எண் முடிவில்லாமல் வளரும், நினைவகம் போதாது. வரம்புக்குட்பட்ட சில முத்திரைகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, எது புதிது என்று எப்போதும் சரியாகச் சொல்ல முடியும் என்று அவர்கள் நிறுவினார்கள். பொதுக் கடிகாரம் இல்லை, மேலிருந்து பார்க்கும் மேற்பார்வையாளர் இல்லை. வியெஸ்வாவ் ஜியெலோன்கா 1987-இல் நிறுவிய ஆழமான தேற்றத்தை விளங்கிக்கொள்ளவும் இது வழி செய்தது. தொழிற்சாலைத் தரையில் பாகங்களைச் சுமந்து தானே ஓடும் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும்போது, ‘ஏழாம் ஸ்டேஷன் அடைபட்டிருக்கிறது’ என்ற செய்தியில் எது பழையது எது புதியது என்ற கேள்வியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதானே?

டோனி ஹோர் உடனிகழ்வைப் பற்றி 1978-இல் எழுதிய கட்டுரையும், ராபின் மில்னர் 1980-இல் தந்த செயல் இயற்கணிதமும் நாளைய அமர்வுகளில் விரிவாக வரும். அவர்கள் பெரும்பாலும் உடனிகழ்வை வரிசைகளின் பின்னலாகவே பார்த்தார்கள். சிறு பகுதிகளைச் சேர்த்துப் பெரியதைக் கட்டி, முழுதும் சரியா என்று காட்ட அது மிக வசதியானது என்பதை மறுக்கவில்லை. ஆயினும், இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கு முதலில் தர வேண்டியது பெட்ரியின் படம் என்பது என் தீர்மானமான கருத்து. எது எதற்குக் காரணம், எது எதற்கும் காரணமில்லை என்பது அதில் கண்ணுக்குத் தெரிகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் என்னை மறுத்துப் பேச வேண்டும் என்று விரும்பியே அழைத்தோம்.

இந்த இரண்டு நாளில் எனக்கு ஒரு ஆசை உண்டு. ஒவ்வொரு கோட்பாட்டு ஆய்வாளரும் இங்கே லைனில் வேலை பார்க்கும் ஒருவரோடு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு வலையை வரைய வேண்டும். அவருடைய சொற்களிலேயே வட்டங்களுக்குப் பெயர் எழுதுங்கள். நிரந்தர ஊழியரா, ஒப்பந்தத் தொழிலாளரா, பயிற்சியாளரா என்று பார்க்க வேண்டாம். லைன் எங்கே நிற்கும் என்பது பெரும்பாலும் அதன் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரிகிறது. பழுதான செல்லின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயரை எழுத வேண்டாம், டோக்கன்கள் மட்டும் சரியாக இருக்கட்டும்.

மேடைக்கு இடப்பக்கம் பெரிய கரும்பலகை வைத்திருக்கிறோம். கதவு லைனையும் பாடி லைனையும் பாதி வரைந்து விட்டிருக்கிறேன். சேரும் ஸ்டேஷனில் கதவு வேறு பாடிக்குப் போய்விடாமல் இருக்க அந்தக் கட்டைக்கு முன்னால் இன்னும் என்ன வேண்டும் என்பதைப் பின்வரிசையில் இருக்கும் பாலிடெக்னிக் தம்பி தங்கைகளில் ஒருவர் வந்து வரையட்டும். முதல் அமர்வு அங்கிருந்து தொடங்குகிறது. சுண்ணக்கட்டி மேசைமேல் இருக்கிறது.