பதினெட்டு வயதில் கைவிடலாகாது

(பொன்விழா இளைஞர் நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா மேடையில் மகிழ்ச்சியான சொற்களையே எதிர்பார்த்திருப்பீர்கள். ஆயினும் நம் இல்லங்களில் மூடி மறைக்கப்படும் மனநோயைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

முன்பு நான் பணியாற்றிய பங்கில், ஓர் இளைஞன் என்னைத் தேடி வந்தான். பள்ளிப் பருவத்தில் அவனுடைய தாயார் மாதந்தோறும் அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மாத்திரை வாங்கிக் கொடுத்து வந்தார். அவன் வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேர்ந்ததும் அது நின்றுபோயிற்று. அங்கே யாரிடம் காட்டுவதென்று எவரும் சொல்லவில்லை. மாத்திரையைப் பார்த்தால் அறைத்தோழர்கள் கேலி செய்வார்களோ என்ற அச்சம் வேறு. "சுவாமி, இரவில் தூக்கமே வருவதில்லை" என்றான். "செபமாலை சொல், சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு மாதத்தில், அவன் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான் என்ற செய்தி வந்தது. இறையருளாலும் மருத்துவர்களின் உழைப்பாலும் பிழைத்தான். இன்று வேலைக்குப் போகிறான். செபிக்கச் சொன்னது தவறன்று. மருத்துவரிடம் அழைத்துச் செல்லாததே என் தவறு.

மனநோய்களில் ஏறத்தாழப் பாதி 18 வயதிற்குள் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 18 வயது வரை சிகிச்சைக்குப் பெற்றோரே பொறுப்பு. அதன்பின், 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, முடிவு செய்யும் உரிமை பொதுவாகப் பிள்ளையுடையது. தனக்குத் துணை நிற்பவர் யாரென்று அவனே பெயர் குறிக்கலாம். உரிமை நல்லதே. ஆனால் நோய் தலைதூக்கும் பருவமும் வீட்டை விட்டுப் பிரியும் பருவமும் ஒன்றாக வருகின்றனவே! வழி காட்டாமல் உரிமையை மட்டும் கொடுத்தால், பிள்ளை நடுவழியில் நின்றுவிடுவான்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை விடுதிக்குப் புறப்படுமுன் பழைய மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள். புதிய ஊரில் முதல் முறை நீங்களே உடன் செல்லுங்கள். கல்யாணம் தடைப்படுமென்று அஞ்சி மருந்தை நிறுத்தாதீர்கள்.

இளைஞர்களே, 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். உங்கள் நோயின் விவரத்தை வெளியிடாமல் காப்பது மருத்துவரின் கடமை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அதே சட்டம் கருதுகிறது; ஆகையால் வழக்கு வருமென்று அஞ்சி எவரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் சாக விரும்பிப் படுத்தபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார், இரண்டாம் முறையும் வந்து எழுப்பினார். நெடும்பயணம் அதன்பிறகுதான் தொடங்கிற்று. நம் பிள்ளைகளுக்கும் அந்த இரண்டாம் முறை வருகிற ஆள் வேண்டும்.

பங்கு இல்லத்தின் கதவு எந்நேரமும் திறந்திருக்கும். தயங்காமல் வாருங்கள். இனி செபமாலையோடு பேருந்துக் காசையும் எடுத்துக்கொண்டு, மருத்துவமனை வரை நானும் உடன் வருவேன்.