திருநாதர் குன்றும் தீராப் பிணியும்

(தொண்டூரிற் கூடிய நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் மங்கலமானதன்று. விழாவிற் சாக்காட்டைப் பற்றிப் பேசுதல் தகுமோவெனச் செயலாளர் இருமுறை வினவினார். வீட்டில் எவரும் வாய்திறவாத பொருளை இங்கேனும் பேசாவிடில் வேறெங்குப் பேசுவது?

இவ்வூர்க் குன்றிலுள்ள சமணர் கற்படுக்கைகளிற் சிறுபருவத்தில் உருண்டு விளையாடியோர் இக்கூட்டத்திற் பலர் உளர். செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்தை அடுத்த திருநாதர் குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் இரு வரிசையாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கேயுள்ள பழைய வட்டெழுத்துக் கல்வெட்டொன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அஃதென்று கூறுகின்றது. 30 நாள் நோற்ற இளையபட்டாரகர் என்பாருடைய கல்வெட்டும் அங்கு உண்டு. முன்னதில் 'ஐம்பத்தேழு' என்னும் சொல்லின் முதலில் நிற்கும் 'ஐ' எழுத்தினை எழுத்தாராய்வார் பெரிதும் பாராட்டுவர். யாமும் மாணாக்கரை ஆண்டுதோறும் அழைத்துச்சென்று அவ்வெழுத்தையே காட்டிவந்தோம். அத்தனை நாளும் அம்மனிதர் எவ்வாறு கிடந்திருப்பார் என்று ஒருநாளும் எண்ணினோமல்லோம்.

எண்ணுமாறு செய்தவர் எம் பெரிய தகப்பனார். உணவுக்குழலிற் புற்று; மருத்துவர் கைவிட்டனர். மூக்கின்வழிச் செருகிய குழாயை அவர் இருமுறை பிடுங்கியெறிந்தார். மூன்றாமுறை செருகியபின் அவர் கைகளைக் கட்டிலோடு துணியாற் கட்டினர். "தம்பி, நீயாவது சொல்லப்பா, என்னை விட்டுவிடச் சொல்" என்று எம்மை நோக்கிக் கேட்டார். அவர் புதல்வர்களோ, "பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று ஊரார் பேசுவார்களே" என்று அஞ்சினர். யாம் தமிழ் பயின்றவர்; அன்று எமக்கு ஒரு சொல்லும் வந்திலது. பத்தொன்பது நாட் கழித்து, கட்டிய கையோடே இறந்தார்.

சல்லேகனை எனப்படும் அந்நோன்பைத் தற்கொலையென்று கருதுவார் உளர். சமந்தபத்திரர் அதற்கு வகுத்த இடங்கள் நீக்கவியலா இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராப் பிணி என்பன. சினத்தாலோ வெறுப்பாலோ மேற்கொள்வது அன்று அது. நம் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது மக்களோடு நேர்ந்த பகையாலும் மானத்தாலும் ஆதலின், அதனை இதனோடு ஒன்றாக்குதல் பிழை. மேடைகளில் அவ்வாறு பேசுவோர் பலர். 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைக் குற்றமென்றது; அம்மாதம் முடிவதற்குள்ளேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

இனி, நோயாளர்க்குச் சட்டம் என்ன இடந்தருகின்றது? 1973இல் மும்பை மருத்துவமனையொன்றிற் கொடுமைக்குள்ளாகி, 42 ஆண்டு உணர்வற்றுக் கிடந்த செவிலி அருணா சான்பாக்கின் வழக்கில், 2011இல் உச்சநீதிமன்றம் உயிர்தாங்கும் சிகிச்சையை நிறுத்தலாமென்னும் நெறியை முதன்முதல் ஏற்றது. ஆனால் அவர்க்கு அதனை வழங்கவில்லை. 2018 மார்ச்சு 9ஆம் நாள், மானத்தோடு இறத்தலும் வாழ்வுரிமையின் பகுதியென்றும், அறிவு தெளிந்திருக்கும்போதே முன்விருப்ப ஆவணம் எழுதிவைக்கலாமென்றும் தீர்ப்பளித்தது. மாசித்திரேட்டிடஞ் சென்றே கையொப்பம் பெறவேண்டுமென்று அப்போது விதித்தமையால், அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 2023இல் அதனை எளிதாக்கினர்: சாட்சியிருவரோடு நோட்டரி அல்லது பதிவுபெற்ற அரசு அலுவலர்முன் எழுதினாற் போதும். பின்னர் மருத்துவர் குழுக்கள் இரண்டும் இசைந்தாலே சிகிச்சை நிறுத்தப்படும்.

நெதர்லாந்து 2002 முதல், மருத்துவரே உயிர்போக்கும் மருந்து தருதலை நெறிமுறையோடு ஒப்பியுள்ளது. இந்தியாவில் அது குற்றமே. அஃது இங்கும் வேண்டுமென்பாரோடு யாம் உடன்படுகின்றிலோம். காரணம் வெளிப்படை. விருதுநகர்ப் பக்கத்தில் 'தலைக்கூத்தல்' என்று, மூத்தோரை எண்ணெய் தேய்த்து நீராட்டி இளநீரை மிகப் பருகச்செய்து முடித்துவிடும் வழக்கம் 2010இல் நாளிதழ்களில் வெளிவந்தது. அங்கே நோற்றவர் எவர்? கேட்கப்படாத கிழவியர்! நிலமும் நகையும் பங்கிடும் அவசரமுள்ள வீட்டில், "அம்மாவே கேட்டாள்" என்பதற்குச் சான்று யார்? இவ்விடத்து எம் அச்சத்தை மறைக்கவில்லை. எனினும், வேண்டாவென்பார் மூக்கிற் குழாயைத் திணித்துக் கைகட்டுவதும் அன்பாகாது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழி உண்டு, அதுவே அவ்வாவணம். நோய் தீராது, மீளும் நம்பிக்கையில்லை என்று மருத்துவர் துணிந்தபோதே அது செல்லும். எழுதியவர் எப்பொழுது வேண்டினும் எழுத்தால் மாற்றலாம்.

வலியைத் தணித்தலை மறவற்க. சாகவிடு என்று கேட்பார் பலர் வலி தணியின் கேளார். மார்பின் மருந்து பெறுதல் 2014இற் சட்டத்திருத்தத்தால் எளிதாயிற்று. 2021 முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வலிதணிப்புப் பராமரிப்பு வீட்டிற்கே வருகின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்திற் கேளுங்கள். கேட்டாலன்றி நம் ஊர்களில் எவரும் சொல்லார்.

யாம் எமது ஆவணத்தை எழுதி வைத்துள்ளோம். எம் மனைவியாரும் படித்து ஒப்பினார். வருகின்ற திங்கட்கிழமை செஞ்சியிலுள்ள நோட்டரி வழக்கறிஞரிடம் சாட்சியாக வர, எமக்கு உறவல்லாத இருவர் தேவை. இயைந்தோர் கூட்டம் கலையுமுன் மேடையண்டை வந்து பெயர் தருக.