களிக்கு அவரை: அமினோ அமிலங்கள் பற்றி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புரதம் என்னும் சுவருக்கு அமினோ அமிலங்களே செங்கற்கள். நம் உடற்புரதங்களில் அவை இருபது வகைப்படும். அவற்றுள் ஒன்பதை உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் கட்டுமானம் அந்த அளவோடு நின்றுவிடும். எஞ்சியவற்றை உடல் சேமித்து வைப்பதுமில்லை.

தேன்கனிக்கோட்டைப் பகுதி மானாவாரி நிலங்களில் கேழ்வரகின் ஊடே அவரை விதைப்பது வழிவழி வந்த வழக்கம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 7 கிராம் புரதமே உண்டு. அதிலும் லைசின் குறைவு, மெத்தியோனின் போதிய அளவு. காய்ந்த அவரைக்கொட்டையிலோ புரதம் 20 கிராமுக்கு மேல். லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு என வகுத்த நம் பாட்டிமார் எந்த ஆய்வுக்கூடத்திலும் பயின்றவரல்லர்! கொள்ளும் துவரையும் இப்பணியைச் செய்வனவே.

ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு விடியலில் பேருந்தேறும் இளைஞர் பலர் தேநீரும் பன்னுமாகக் காலைப்பொழுதைக் கழிக்கின்றனர். கோதுமையிலும் லைசின் குறைவே. ஒரு கைப்பிடி வறுகடலை உடன் இருக்கட்டும். விலையுயர்ந்த டப்பா மாவு வேண்டியதில்லை.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவில் பிற்காலத்தே முட்டையும் சேர்ந்தது. முட்டையில் அந்த ஒன்பதும் நிறைவாக உள்ளன. இறைச்சியிலும் அவ்வாறே. மாட்டிறைச்சி உண்பதைக் காட்டி நம்மை இழித்துரைத்தோர் உண்டு. உடலியல் நூலில் அவ்விழிவுக்கு இடமில்லை.

வருந்திக் கூறவேண்டியது ஒன்றுண்டு. குழம்பிலுள்ள கொட்டை யார் தட்டுக்குச் செல்கிறது? ஆண்களுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் வாரியிட்டபின், அடியில் நிற்கும் சாறே பல வீடுகளில் தாய்க்கும் மகளுக்கும் எஞ்சுகிறது. புரதத்தின் பெரும்பகுதி இருப்பது கொட்டையில். சூல் கொண்டவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் அது வழக்கத்தினும் மிகுதியாக வேண்டும். வளரும் சிறுமிக்கோ அது இன்றியமையாதது. வகுப்பில் சோர்ந்திருக்கும் பெண்ணைச் சோம்பேறி என்று கடியுமுன், அவள் முந்தைய நாள் என்ன உண்டாள் என ஆசிரியராகிய நாமும் கேட்டறிய வேண்டும்.

ஆகவே, தாய்மார்களே, பரிமாறத் தொடங்குமுன்பே கொட்டையைப் பங்கிட்டு, உங்கள் பங்கையும் மகளின் பங்கையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அகப்பையை ஆண்கள் பிடித்தாலும் தவறில்லை.