பயமும் விசாரணையும்



2005-ம் வருஷம் ஜூலை 7-ந் தேதி லண்டன் பட்டணத்தில் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் மாண்டார்கள். 21-ந் தேதி மறுபடியும் குண்டு வைத்தார்கள். அவை சரியாக வெடிக்கவில்லை. அதன் பிறகு ரயிலேறியவர்களில் பலர், பக்கத்திலிருப்பவனுடைய தாடியையும் நிறத்தையும் தோள்பையையும் பார்த்து நடுங்கினார்கள். இதை நாம் பரிகாசம் செய்யவில்லை. நாமாயிருந்தாலும் நடுங்கித்தான் இருப்போம்.

ஆனால் அந்த நடுக்கத்தின் பலனைப் பாருங்கள்! மறுநாளே ஸ்டாக்வெல் ஸ்டேஷனில், 27 வயதுள்ள பிரேசில் தேசத்து எலக்ட்ரீஷியன் ஒருவரைக் குண்டுக்காரன் என்று நினைத்துப் போலீசார் ரயிலுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் தேடிய ஆளின் விலாசமிருந்த கட்டிடத்தில் இவரும் குடியிருந்தார். இதைத் தவிர அவர் செய்த குற்றம் என்ன?

“கனத்த கோட்டுப் போட்டிருந்தான், தடையைத் தாண்டிக் குதித்தான்” என்று கண்ணால் கண்டதாகவே சிலர் சொன்னார்கள். விசாரித்ததில், அவர் போட்டிருந்தது மெல்லிய ஜாக்கெட். டிக்கட் அட்டையைக் காட்டி நடந்தே உள்ளே போயிருக்கிறார். புளியமரத்தில் பேயைக் கண்டவனும் இப்படித்தானே சத்தியம் செய்கிறான்!

2007-ல் கோர்ட்டார் போலீஸ் இலாகாவுக்கு 1,75,000 பவுன் அபராதம் போட்டார்கள். போன உயிர் வந்ததா?

தோழர்களே! பயப்படுவது குற்றமல்ல. ஒருவன் செய்கிற காரியத்தைக் கவனிப்பதும் தப்பல்ல. தாடியையும் தோலையும் சாட்சியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லுவதுதான் குற்றம். பேயை விசாரிக்கச் சொல்லும் நாம், நம் பயத்தையும் விசாரிக்க வேண்டாமா?